பயனர் பிழை

பிப்ரவரி 3

காலையில் எழுந்தபோது என் கைப்பேசி வேறு முகத்தோடு இருந்தது. நான் தூங்கும்போது தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டதாம். "உங்களுக்காக இன்னும் எளிமையாக" என்று ஒரு வாசகம். அதற்குக் கீழே "சரி" என்று ஒரே ஒரு பொத்தான். "வேண்டாம்" என்று சொல்ல வழியே இல்லை. வீட்டுக்காரன் உறங்கும்போது உள்ளே புகுந்து அலமாரியை இடம் மாற்றி வைத்துவிட்டு, விடிந்ததும் நன்றியை எதிர்பார்த்து நிற்கிறவனைப் போலீசில் பிடித்துக் கொடுப்போம். ஆபரேட்டிங் சிஸ்டம் அதையே செய்தால் வசதி என்று பெயர்.

திரையை இழுத்தால் நகர மறுக்கிறது. நேற்றுவரை ஒரு இழுப்பு போதும். இப்போது இரண்டு, மூன்று. எங்கோ குளிரூட்டிய அறையில் உட்கார்ந்திருக்கும் ஒருவன், விரல் இழுபட வேண்டிய தூரத்தைக் கூட்டியிருக்கிறான். ஏன் என்று கேட்டால் ஆய்வு சொல்கிறது என்பான்.

இந்த நோட்டில் கையால் எழுதுவதற்குக் காரணம் இதுதான். நோட்டு என்னிடம் அனுமதி எதுவும் கேட்பதில்லை, தானாக எதையும் மாற்றுவதும் இல்லை.

தோசை ஊற்றிக்கொண்டிருந்த பூங்கொடி, "சட்டைப் பொத்தானப் போட்டுட்டு வந்து உக்காருங்க, எத்தன நேரமா அங்கயே நிக்கறீங்க" என்றாள். இந்தச் சட்டையின் காஜா சின்னதாக இருக்கிறது. தையல்காரரிடம் கொடுக்க வேண்டும். போன மாதம் எடுத்த சட்டையும் இப்படித்தான்.

பிப்ரவரி 7

ஒரு கம்பெனி விமர்சனத்துக்காகக் கைக்கடிகாரங்களை ஜோடியாக அனுப்பியிருந்தது. ஒன்றை நான் கட்டிக்கொண்டேன், இன்னொன்றைப் பூங்கொடி. ரேஸ்கோர்ஸ் நடைபாதையைச் சேர்ந்தே சுற்றி வந்தோம். அவளுடையது காட்டிய காலடி எண்ணிக்கையில் பாதியைக்கூட என்னுடையது காட்டவில்லை. நான் நடக்கவே இல்லை என்று ஒரு பிளாஸ்டிக் துண்டு என் மணிக்கட்டில் உட்கார்ந்துகொண்டு என்னிடமே சொல்கிறது.

"கைய வீசி நடங்க. வலது கைய உடம்போட ஒட்டி வெச்சுக்கிட்டே வர்றீங்க" என்றாள் பூங்கொடி.

"கைய வீசினாத்தான் எண்ணும்னா, அது எண்ணறது கையவா, கால் நடையவா?"

கொஞ்ச தூரம் போனபின், "முன்னெல்லாம் உங்க கூட வரோணும்னா நான் ஓடோணும். இப்ப நின்னு நின்னு வர்றேன்" என்றாள்.

எனக்கு ஐம்பத்து மூன்று வயது. நிதானமாக நடப்பது குற்றமல்ல. வீட்டுக்கு வந்ததும் கடிகாரத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். உடல்நலத்தை விற்கிறேன் என்று சொல்கிறவன் முதலில் எண்ணக் கற்றுக்கொள்ளட்டும் என்று முடித்தேன். நன்றாக வந்திருக்கிறது.

பிப்ரவரி 11

குரல் உதவியாளரிடம் மழை வருமா என்று கேட்டேன். "மன்னிக்கவும், எனக்குக் கேட்கவில்லை." மறுபடி கேட்டேன். மறுபடியும் மன்னிப்பு. சமையலறையிலிருந்து பூங்கொடி, "மழை வருமான்னு கேக்கறாரு" என்றாள். உடனே சொல்லிவிட்டது. இந்த இயந்திரத்தைப் பெண்களின் குரலை மட்டும் வைத்துப் பழக்கியிருக்கிறார்கள். வேறு விளக்கம் கிடையாது.

மழை வரவில்லை. அதிலும் தப்பு.

பிப்ரவரி 15

என் பத்தி வெளியாகும் வார இதழின் ஆசிரியர் சபாபதி சென்னையிலிருந்து கூப்பிட்டார். "சார், ரெண்டு வாரமா யாரையும் பெருசா அடிக்கலியே. நம்ம ஆளுங்க உங்க கிட்ட அதைத்தான எதிர்பாக்கறாங்க" என்றார். அவருக்கு என் பத்தி ஒரு குத்துச்சண்டை. எனக்கு அப்படி இல்லை.

பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் பாடம் நடத்திக்கொண்டிருந்தவன் நான். தெய்வசிகாமணி சார் என்றால் பையன்கள் நடுங்குவார்கள். வேலையை விட்டுவிட்டு "பிரித்து மேய்கிறேன்" என்ற தலைப்பில் எழுத ஆரம்பித்ததற்கு ஒரே ஒரு கொள்கைதான் காரணம். ஒரு கருவியை ஒருவனால் பயன்படுத்த முடியவில்லை என்றால் தப்பு அவனுடையது அல்ல, கருவியுடையது. பயனர் பிழை என்று ஒன்று கிடையாது. வங்கியில் டச் ஸ்கிரீன் முன்னால் திகைத்து நிற்கும் பெரியவரைப் பார்த்து, "ஐயா, உங்களுக்குத் தெரியலை" என்று சொல்கிற ஊழியரைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் ரத்தம் கொதிக்கும். தெரியாதது அவருக்கு அல்ல, அதைச் செய்தவனுக்கு.

இந்த வாரம் கிடைத்தது "நுனி". தமிழில் வேகமாக எழுதுவதற்கான கைப்பேசி விசைப்பலகை. நம் ஊர் சரவணம்பட்டியில் நாலு பேர் சேர்ந்து செய்திருக்கிறார்கள். விரலை எடுக்காமல் எழுத்துகளின் மேல் இழுத்துக்கொண்டே போனால் சொல் வந்துவிடும் என்பது விளம்பரம். ஒரு கைப்பேசி நிறுவனம் தன் புதிய மாடல்கள் எல்லாவற்றிலும் இதைச் சேர்க்கப்போவதாகவும் பேச்சு.

"அம்மா" என்று இழுத்தேன். "அஅம்ம்மா" என்று வந்தது. "வணக்கம்" என்றதற்கு "வவணனக்கம்". இழுக்காமல் ஒவ்வொன்றாகத் தட்டினாலும் ஒரு எழுத்து இரண்டாக விழுகிறது. திக்குவாயனின் வாயில் தமிழைக் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் என்பதற்காக விடக் கூடாது. நம் ஊர்ப் பிள்ளைகள் என்பதால்தான் விடக் கூடாது.

தலைப்பு: "நுனிப்புல் மேய்ந்தவர்கள்". சபாபதி படித்துவிட்டு போனிலேயே விழுந்து விழுந்து சிரித்தார்.

காஸ் சிலிண்டர் வந்தது. பழையதை வெளியே உருட்டி வைக்க ஆளைக் கூப்பிட வேண்டியதாயிற்று. சிலிண்டரின் கைப்பிடியைக்கூட ஒழுங்காகச் செய்யத் தெரியவில்லை இவர்களுக்கு.

பிப்ரவரி 24

நுனி கட்டுரை காட்டுத்தீ மாதிரி பரவியிருக்கிறது. "வவணனக்கம்" என்பதையே வணக்கம் சொல்வதற்குப் பயன்படுத்துகிறார்களாம். சட்டையில் அச்சடித்து விற்கிறார்களாம்.

மதியம் ஒரு பெண் கூப்பிட்டாள். மோகனப்பிரியா என்று பெயர். நுனியை ஆரம்பித்தவள்.

"சார், எந்த போன்ல பாத்தீங்க? எந்த வெர்ஷன்? நாங்க எங்க கிட்ட இருக்கற எல்லா போன்லயும் போட்டுப் பாத்துட்டோம், ஒண்ணுல கூட அப்படி வரலீங்க."

"உங்க கிட்ட வரலைன்னா என் கிட்ட வரலைன்னு ஆயிருமா?"

"அப்படிச் சொல்லலீங்க. உங்க போனை ஒருதரம் நேர்ல பாக்கலாமான்னு..."

"கட்டுரை வந்தப்பறம் நேர்ல பாக்க வர்ற கம்பெனிய நான் நெறயப் பாத்தாச்சு. கூடவே ஒரு ஸ்வீட் பாக்ஸும் வரும்."

"சார், கொஞ்சம் சத்தமாப் பேசறீங்களா? நீங்க சொல்றது பாதி கேக்கல" என்றாள்.

வைத்துவிட்டேன். அவமானப்படுத்துவதிலும் இந்தத் தலைமுறை கைதேர்ந்துவிட்டது.

மார்ச் 2

பெருந்துறையில் பூங்கொடியின் அக்கா மகள் கல்யாணம். மேடையில் புகைப்படக்காரன், "சார், கொஞ்சம் சிரிச்ச மாதிரி இருங்க" என்றான். நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். இரண்டாவது முறையும் சொன்னான். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். கேமராவைப் பார்க்காமல் திரையைப் பார்த்துப் படம் எடுக்கிற கூட்டத்துக்கு மனித முகம் தெரிவதில்லை. பந்தியில் கைப்பேசியைத் திறக்க முகத்தைக் காட்டினேன். அதுவும் என்னை யாரென்று தெரியாது என்றது.

பாயசத்தைப் பேப்பர் கப்பில் ஊற்றிக் கொடுத்தார்கள். பாதிக்கு மேல் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாளின் பட்டுப்புடவையில் போயிற்று. பிடித்தால் நசுங்குகிற ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டுப் பிடிக்கத் தெரியவில்லை என்றால் எப்படி. அந்த அம்மாள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது பூங்கொடிதான் காரை ஓட்டினாள். இந்தக் காரின் கியர் கொஞ்ச நாளாக எனக்குப் பிடிக்கவில்லை. அவிநாசி தாண்டியதும், "ஒரு டாக்டரப் பாக்கலாமுங்க" என்றாள்.

"டாக்டரு பேப்பர் கப்பச் சரி பண்ணிக் குடுப்பாரா?"

அதற்குப் பிறகு வீடுவரை வானொலிதான் பேசியது.

மார்ச் 5

மோகனப்பிரியா சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டாள். முப்பது வயது இருக்கும். நான் எதிர்பார்த்த மாதிரி இனிப்புப் பெட்டியோடு வரவில்லை. கோபத்தோடு வந்திருந்தாள். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, "சார், நான் கெஞ்ச வரலீங்க. உங்க முன்னாடியே போட்டுக் காட்ட வந்திருக்கேன்" என்றாள்.

என் கைப்பேசியையே வாங்கிப் பார்த்தாள். நுனி இன்னும் அதில் இருந்தது. காபி கொண்டுவந்த பூங்கொடியிடம் நீட்டி, "அக்கா, ஏதாவது எழுதுங்க" என்றாள்.

பூங்கொடி டம்ளர்களை வைத்துவிட்டு, நின்றபடியே இழுத்தாள். "பால்காரர் நாளைக்கு வரமாட்டார்." ஒரு எழுத்துப் பிசகவில்லை. கூடுதலாக, "தயிருக்கு வேற வழி பாக்கோணும்" என்றும் எழுதிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

"இப்ப நீங்க சார்" என்றாள் அந்தப் பெண். சண்டைக்காரியின் குரல்.

எழுதினேன். "நநாளைக்க்கு." மறுபடி எழுதினேன். இன்னும் மோசம். பக்கத்தில் இரண்டு பேர் நின்று உற்றுப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் வரும். நிமிர்ந்து பார்த்தேன். அவள் திரையைப் பார்க்கவில்லை. காபி டம்ளரைக் கையில் எடுத்தவள் குடிக்காமல் திரும்பக் கீழே வைத்தாள்.

"சரிங்க சார். நான் கெளம்பறேன்" என்றாள்.

"என்ன சரி? தப்பு உங்க மேலன்னு ஒத்துக்கறீங்களா?"

"கெளம்பறேனுங்க."

திருத்தம் கேட்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. வந்த வேலையைச் சொல்லாமல் போகிறவர்களை நான் நம்புவதில்லை. கேட்டுக்கு வெளியே அவளும் பூங்கொடியும் வெகுநேரம் பேசிக்கொண்டு நின்றார்கள். மாடித் தொட்டி நிரம்பி வழிந்து தண்ணீர் தெருவரை ஓடியது. பூங்கொடி மோட்டாரை நிறுத்த மறந்து நான் இதுவரை பார்த்ததில்லை.

மார்ச் 6

புது மவுஸ் வாங்கினேன். இதுவும் சரியில்லை.

மார்ச் 9

மாணவர்களுக்கு நான் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இது. பழுது எங்கே என்று தெரியவில்லையென்றால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும்.

பூங்கொடி சந்தைக்குப் போயிருந்தாள். மேசையில் எல்லாவற்றையும் பரப்பினேன். முதலில் கைப்பேசியை மாற்றினேன். அதே பிழை. திரையின் மேல் ஒட்டியிருந்த கண்ணாடியை உரித்தேன். அதே பிழை. நுனியை எடுத்துவிட்டு வேறொரு விசைப்பலகையைப் போட்டேன். அதே பிழை. அலமாரியிலிருந்து பொத்தான் வைத்த பழைய போனை எடுத்துப் பார்த்தேன். அதிலும் எழுத்து இரண்டிரண்டாக விழுந்தது. மாற்றுவதற்கு இன்னும் ஒன்று பாக்கி இருந்தது.

இடது கையால் எழுதினேன். மெதுவாகத்தான் வந்தது. ஆனால் சரியாக வந்தது. நுனியிலும் சரியாக வந்தது. எத்தனை முறை எழுதினாலும் சரியாக வந்தது.

ஆகவே

மார்ச் 13

நரம்பியல் மருத்துவமனை. டோக்கன் திரையில் என் பெயர் "தெய்வ சிகா மணி" என்று மூன்று துண்டாக வந்தது. பதிவு செய்யும் இடத்தில் கம்ப்யூட்டர் உறைந்துபோய், எல்லோரையும் முதலிலிருந்து பதியச் சொன்னார்கள். இதையெல்லாம் விரிவாக எழுதத்தான் ஆசை.

டாக்டர் என்னைவிட இளையவர். கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் அகலமாகத் திறந்து திறந்து தட்டச் சொன்னார். இடது கை தட்டியது. வலது கை தட்ட ஆரம்பித்து, சிறுத்துச் சிறுத்து, கடைசியில் விரல்கள் ஒட்டிக்கொண்டு நின்றன. வராந்தாவில் நடக்கச் சொன்னார். கையை மடியில் சும்மா வைத்துக்கொண்டு மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னார். டிசம்பர், நவம்பர் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது கை தன்பாட்டுக்கு ஆடியது. மாத்திரை உருட்டுவது போல. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். என்னைக் கேட்காமல் ஆடியது.

"பார்க்கின்சன் நோய்ங்க. ஆரம்பக் கட்டந்தான்" என்றார். முகத்தில் அசைவு குறைவது, குரல் இறங்குவது, கை வீசாமல் நடப்பது எல்லாம் இதனோடு வருவதுதான் என்றார். நான் எழுதிய விமர்சனங்களை வரிசையாகப் படித்துக் காட்டுவது போல இருந்தது.

"அவரு எழுதறது?" என்று பூங்கொடி கேட்டாள்.

"எழுதலாம். மாத்திரை நல்லாக் கேக்கும். குணமாகும்னு சொல்ல மாட்டேன். சமாளிக்கலாம்."

நான் கேட்க வேண்டிய கேள்வியை அவள் முந்திக்கொண்டு கேட்டது எனக்குப் பிடிக்கவில்லை. காரில் ஏறியதும் கேட்டேன். "உனக்கு முன்னமே தெரியுமா?"

"தீபாவளிக்கே தெரியும்ங்க. மத்தாப்புப் பிடிக்கறப்ப பாத்தேன்."

"அப்பவே ஏன் சொல்லல?"

அவள் சாவியைத் திருகவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டு பேசினாள். "எதச் சொன்னாலும் அதுல குத்தங் கண்டுபுடிச்சீங்க. சட்டைல குத்தம், கடிகாரத்துல குத்தம், சிலிண்டர்ல குத்தம். நானும் வாயத் தொறந்தா அந்த வரிசையில போய் நிப்பேன்னு பயமா இருந்துச்சு."

இதற்குப் பதில் எழுத இந்தப் பக்கத்தில் இடமில்லை. என் எழுத்து கொஞ்ச நாளாகவே சிறிதாகி வருகிறது. ஆனாலும் இடமில்லை.

மார்ச் 15

மாத்திரை. குமட்டல். ஒரு வாய் சாதம் இறங்கவில்லை.

மார்ச் 18

சபாபதி குதூகலமாகக் கூப்பிட்டார். "சார், விஷயம் தெரியுமா? அந்த போன் கம்பெனி நுனியைக் கழட்டி விட்டுடுச்சு. வேற ஒரு கீபோர்டு எடுத்துக்கிட்டாங்களாம். காரணம் கேட்டா உங்க கட்டுரையைத்தான் காட்டினாங்களாம். இதுதான் சார் நம்ம பவர்."

அவர் பேசி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த வாரத்துக்கு யாரை அடிக்கலாம் என்று கேட்டார். பிறகு கூப்பிடுகிறேன் என்றேன். அவருக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது. "ஹலோ, ஹலோ" என்றார்.

எனக்கு நானே ஒரு வாதத்தைக் கட்டிப் பார்த்தேன். என் கொள்கைப்படி பயனர் பிழை என்று ஒன்று கிடையாது. என் கைக்கு ஒத்துவராத கருவி கெட்ட கருவி. ஆகவே கட்டுரை சரி. காலையில் கட்டினேன், மாலைவரைகூட நிற்கவில்லை. என் கைக்கு வரவில்லை என்று நான் எழுதவில்லை. யாருக்கும் வராது என்று எழுதினேன். நாலு பேருக்கு எழுதத் தெரியவில்லை, வேலை தெரியவில்லை, தமிழ் தெரியவில்லை என்றெல்லாம் எழுதினேன். ஆயிரக்கணக்கானவர்கள் சிரித்தார்கள்.

மார்ச் 21

சரவணம்பட்டிக்குப் போனேன். பூங்கொடி ஓட்டினாள், மேலே வரவில்லை. பேக்கரிக்கு மேல் மாடியில் ஒரே அறை. நாலு மேசைகளில் இரண்டு காலியாக இருந்தன. இரண்டு பேர் வேறு வேலைக்குப் போய்விட்டார்களாம்.

மோகனப்பிரியா எழுந்து நிற்கவில்லை. "எதுக்கு வந்தீங்க?" என்றாள்.

"திருத்தம் எழுதப்போறேன். சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

"என்னன்னு எழுதுவீங்க?"

"நடந்தத."

"வேண்டாமுங்க. உடம்பு சரியில்லாதவரு கிட்ட மல்லுக்கு நின்னு எழுதி வாங்கினாங்கன்னு பேராகும். போங்க சார். உடம்பப் பாருங்க." குரல் தணிந்துவிட்டது. இந்த ஒரு வாரமாக எல்லோரும் என்னிடம் பேசுகிற குரல். மருந்துக்கடைக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், டாக்டர், பூங்கொடிகூட.

"அன்னைக்கு வீட்டுக்கு எதுக்கு வந்தீங்க?" என்று கேட்டேன்.

"சண்டை போட."

"போடலியே."

"எப்படிப் போடறது? உங்க கையப் பாத்தப்பறம் எப்படிங்க போடறது? வழி பூரா என்னென்ன கேக்கோணும்னு யோசிச்சு வெச்சுட்டு வந்தேன். ஒண்ணுகூடக் கேக்க முடியல. அதுதாங்க எனக்கு இன்னும் ஆறல."

"இப்பக் கேளுங்க."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கேட்டாள். உட்கார்ந்துகொண்டு ஆரம்பித்தவள் பாதியில் எழுந்துவிட்டாள். ஒரு போனில் போட்டுப் பார்த்துவிட்டு ஊருக்கே தீர்ப்புச் சொல்ல நான் யார் என்று கேட்டாள். இன்னொருவர் கையில் கொடுத்துப் பார்க்க எத்தனை நேரம் ஆகியிருக்கும், வீட்டிலேயே ஆள் இருக்கிறாரே என்று கேட்டாள். பெரிய கம்பெனிகளின் ஆபரேட்டிங் சிஸ்டங்களை வருஷக்கணக்காகத் திட்டியும் அவற்றில் ஒரு பொத்தானைக்கூட மாற்ற வைக்க முடியாத நான், நாலு பேர் கம்பெனியை ஒரே கட்டுரையில் மூடும் நிலைக்குக் கொண்டுவந்ததில் சந்தோஷம்தானே என்று கேட்டாள். "பயனர் பிழைன்னு ஒண்ணு கிடையாதுன்னு நீங்க எழுதுனத இந்த ரூம்ல எல்லாருகிட்டயும் சொல்லிச் சொல்லி வெறுப்பேத்தியிருக்கேன் சார். அதுக்கு இதுதான் கெடச்சுது" என்றாள்.

அவள் மூச்சு வாங்க உட்கார்ந்தபோது எனக்கு ஒரு வாரத்தில் முதல்முறையாகப் பசித்தது.

"உங்க கீபோர்டுல ஒரு குத்தம் நெசமாவே இருக்குது" என்றேன். "விரல ஒரு கணம் தூக்கி வெச்சா அது ரெண்டு எழுத்துன்னு எடுத்துக்குது. அத்தன சின்ன எடவெளியில யாராலயும் வேணும்னு ரெண்டு தரம் தட்ட முடியாது. அத அது கண்டுபுடிச்சு விட்ரோணும்."

"வெளிய போங்க சார்" என்றாள். ஆனால் பக்கத்தில் கிடந்த காகிதத்தை இழுத்து எதையோ குறித்துக்கொண்டாள்.

கீழே பேக்கரியில் இரண்டு தேங்காய் பன் தின்றேன். "என்ன சொன்னா?" என்று பூங்கொடி கேட்டாள். திட்டினாள் என்றேன். பூங்கொடியிடம் நான் சொல்ல வேண்டியதும் ஒன்று பாக்கி இருந்தது. "உன்னயும் அந்தக் குத்த வரிசையில நிக்க வெச்சுட்டேன்" என்று சொல்லிவிட்டேன். அவள் என் பன்னிலிருந்து ஒரு துண்டைப் பிய்த்துக்கொண்டாள்.

மார்ச் 29

திருத்தத்தை எழுதி அனுப்பினேன். மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் எழுதினேன். நுனியைப் பற்றி நான் எழுதியது பொய், பிழை என் கையில் இருந்தது, கைக்கு இன்ன நோய், அந்தப் பெண் நேரில் வந்து காட்டியபோதும் ஒப்புக்கொள்ளவில்லை என்று ஒளிக்காமல் எழுதினேன்.

சபாபதி சிரிக்கவில்லை. "சார், இதைப் போட்டா பத்தி முடிஞ்சுது. கை நடுங்கற ஆள் எழுதற விமர்சனத்தை எந்தக் கம்பெனி மதிக்கும்? இதுவரைக்கும் நீங்க எழுதினது அத்தனையும் சந்தேகத்துக்கு வந்துடும். பேசாம விடுங்க. ஜனங்க மறந்துட்டாங்க."

"அந்த நாலு பேரு மறக்கலீங்க."

"உங்களுக்கு நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"போடுங்க. இல்லைன்னா நானே இணையத்துல போட்டுக்கறேன். அப்ப நீங்க போட மறுத்ததையும் சேத்துப் போடுவேன்."

இந்த ஆளிடம் இத்தனை வருஷம் சிரித்துப் பேசியிருக்கிறேன்.

ஏப்ரல் 7

வெளியாகிவிட்டது. சபாபதி சொன்னது அப்படியே பலித்தது. கடிகாரத்தில் பிழை இல்லை என்று அதன் கம்பெனி முதல் ஆளாக அறிக்கை விட்டது. குரல் உதவியாளர் செய்தவர்கள் தங்களைப் பற்றி நான் எழுதிய பழைய கட்டுரையை நீக்கச் சொல்லி எழுதியிருக்கிறார்கள். அவர்கள் கேட்டது நியாயம்தான், நீக்கச் சொன்னேன். மூன்றாவதாக ஒரு லேப்டாப் கம்பெனியும் வந்தது. அவர்களுடைய ஆபரேட்டிங் சிஸ்டத்தில் மெனுவைத் திறந்தால் விளம்பரம் வருகிறது என்று எழுதியிருந்தேன். அந்த விளம்பரம் வந்தது என் கை நடுங்கியதால் அல்ல. நீக்க முடியாது என்று பதில் போட்டேன்.

பத்தி நின்றுவிட்டது. இரங்கல் மாதிரியான செய்திகள் வந்துகொண்டே இருக்கின்றன. மூலிகை சொல்கிறார்கள், மூச்சுப் பயிற்சி சொல்கிறார்கள். திட்டிக் கடிதம் எழுதியவர்களே எவ்வளவோ தேவலை. கைப்பேசி நிறுவனம் நுனியிடம் திரும்பி வரவில்லை. ஒப்பந்தம் போனது போனதுதான். அந்தப் பெண்ணிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. எதிர்பார்க்க எனக்கு உரிமையும் இல்லை.

ரேஷன் கடைக்குப் போய்வந்தேன். கைரேகை எந்திரம் என் விரலை ஏற்கவில்லை. எனக்கு முன்னால் நின்ற நான்கு பேருடையதையும் ஏற்கவில்லை. எந்திரத்தின் தப்பைக் கண்டு இவ்வளவு நிம்மதி வரும் என்று நினைக்கவில்லை.

ஏப்ரல் 16

காலையில் கைப்பேசியில் ஒரு கோப்பு வந்திருந்தது. நுனியின் புதிய பதிப்பு. அனுப்பியது மோகனப்பிரியா. கூட ஒரு வரிகூட இல்லை.

மாத்திரை போடவில்லை இன்னும். கை அதன் மோசமான நேரத்தில் இருந்தது. நிறுவி, எழுதினேன். "அம்மா." ஒரே அம்மா. "வணக்கம்." மறுபடி எழுதினேன். "நாளைக்கு." விரல் தடுமாறிய இடங்களை விட்டுவிட்டு, நான் சொல்ல வந்ததை மட்டும் எடுத்துக்கொண்டது. பூங்கொடி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவளைக் கூப்பிடாமல், அவள் கைப்பேசிக்கு "காபி வேணும்" என்று எழுதி அனுப்பினேன். மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "நீங்களா எழுதுனீங்க?" என்றாள்.

அதற்குப் பிறகு ஒரு மணிநேரம் அதைப் பிரித்து மேய்ந்தேன். நாலு குறைகள் கண்டுபிடித்தேன். தட்டச்சில் வேகம் குறைந்திருக்கிறது. மெய்யெழுத்து வேண்டுமென்றே இரண்டு முறை வரும் சொற்களில் ஒன்றை விழுங்கிவிடுகிறது. இந்த வசதியை நிறுத்தும் பொத்தானை எங்கோ மூன்றாவது பக்கத்தில் ஒளித்து வைத்திருக்கிறார்கள். நீளமான சொல்லின் கடைசியில் சரியாகப் பிடிக்காமல் அறுந்துபோகிறது. நான்கையும் எழுதி, "இதை வெளியிட்டால் மறுபடியும் கிழிப்பேன்" என்று சேர்த்து அனுப்பினேன்.

உடனே கூப்பிட்டாள். வணக்கம் இல்லை, எப்படி இருக்கீங்க இல்லை.

"மூணு எங்க தப்பு. ஒத்துக்கறேன். நாலாவது எங்க தப்பு இல்லீங்க. சொல்லோட கடைசிக்குப் போறதுக்குள்ள உங்க விரல் ஸ்கிரீன விட்டே எந்திரிச்சுருது. அது உங்க கை."

தப்பு என் கையுடையது என்று யாரும் என்னிடம் இப்படி நேராகச் சொன்னதில்லை. எல்லோரும் 'உடம்பு' என்பார்கள், 'சிரமம்' என்பார்கள்.

"என் கை எந்திரிச்சா அது காத்திருக்கோணும்" என்றேன். "நான் இன்னும் முடிக்கலைன்னு அதுக்குத் தெரியோணும்."

"எவ்வளவு நேரம் காத்திருக்கறது? மத்தவங்களுக்கெல்லாம் அது நின்னு நின்னு எழுதற மாதிரி இருக்கும்."

"அப்ப ஆளப் பாத்துக் காத்திருக்கோணும்."

"சொல்றது சுலபம்."

"செய்யறதுக்குத்தான நீங்க இருக்கறீங்க."

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "எங்க கிட்ட உங்கள மாதிரிக் கை இல்லீங்க சார். நாளைக்குக் காலைல மாத்திரைக்கு முன்னாடி வர முடியுங்களா? கை நல்லா ஆடறப்பப் பாக்கோணும்" என்றாள்.

வருகிறேன் என்று சொல்லவில்லை. நாலாவதும் அவர்கள் தப்புதான். அதை நேரில் போய்த்தான் சொல்ல வேண்டும். பூங்கொடியிடம் காரை எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.